பினாங்கில் பழைய வீணையைப் புதுப்பிக்கும் முறை

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ரஜுலா என்ற பயணிகள் கப்பல் ஓடிய காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தஞ்சாவூர் வீணை ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால், எடுத்தவுடன் உப்புத்தாளைத் தேட வேண்டாம். முதலில் தந்திகளைத் தளர்த்திவிட்டு, குடத்தின் (வீணையின் உருண்டைப் பகுதி) மேற்பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அதிர்வு கரகரத்தால், அங்கே பலகை விரிந்திருக்கலாம் அல்லது ஒட்டு விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மேலே மெருகேற்றுவது வீண் வேலை.

வாசித்தவர்கள் விரலில் தடவிய தேங்காய் எண்ணெய், தூசியோடு சேர்ந்து தண்டியின் (குடத்திலிருந்து நீளும் கழுத்துப் பகுதி) ஓரங்களில் கறுத்துப் பிசுக்கேறியிருக்கும். டர்பன்டைன் அதை எளிதில் எடுத்துவிடும் என்றாலும், 24 மெட்டுகளையும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) தாங்கி நிற்கும் கறுப்பு மெழுகையும் அதுவே கரைத்துவிடுமாதலால், மெழுகுக்கு அருகில் நன்கு பிழிந்த ஈரத்துணி மட்டுமே போதும். தந்தம் போலத் தெரியும் பூவேலை பெரும்பாலும் பிளாஸ்டிக்காக இருக்கும். அதன்மேல் தின்னர் படவே கூடாது.

பழைய பூச்சு எதுவென்று அறிய, மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் (எரிசாராயம்) நனைத்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு. அதைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, அதன்மேலேயே புதிய அரக்கு நன்றாகப் பிடிக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதிலைக் கரைத்து வடிகட்டி, துணியில் பொதிந்த பஞ்சால் மிக மெல்லிய பூச்சுகளாகத் தேய்க்க வேண்டும். பினாங்கின் சிக்கல் இங்கேதான் வரும்: மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெள்ளைப் படலமாகத் தெரியும். ஏர்கான் ஓடி ஈரம் குறைந்த அறையில் பூசுவதே நல்லது. படலம் விழுந்துவிட்டால், உலர்ந்த பிறகு சிறிது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் மறையும். பாலியூரித்தேன் என்ற செயற்கை வார்னிஷ் கடினமாகப் பளபளக்கும், ஆனால் பிற்காலத்தில் பழுதுபார்ப்பவருக்குப் பெருந்தொல்லை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டைப் பளபளப்பாக்கத் தேய்க்கக் கூடாது. அதன் நுண்ணிய வளைவில்தான் வீணையின் நாதம் இருக்கிறது. மெழுகு விட்டு மெட்டுகள் ஆடினால், மேளம் கட்ட (மெழுகில் மெட்டுகளைப் பதிக்க) தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு மெட்டையும் செவியால் சுருதி பார்த்து அமர்த்துவது பயிற்சி வேண்டும் வேலை. தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் சிறிது சுண்ணக்கட்டித் தூள் போதும். அரக்கு முழுதும் இறுகச் சில நாள் விட்ட பிறகு, புதிய தந்திகளைப் பூட்டி, ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல் நாளுக்குச் சிறிதாக முறுக்கி வர வேண்டும்.