வெங்காயத் தோலில் செல்லைப் பார்ப்பது எப்படி? முதல் தடவை மைக்ராஸ்கோப் தொடுபவர்களுக்கு

பாடப் புத்தகத்தில் தாவர செல்லின் படம் ஒன்று இருக்கும். கலர் கலராக மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு, ரைபோசோம் என்று எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பவர்கள் முதலில் கேட்பது "அதெல்லாம் எங்கே?" என்றுதான். பள்ளி மைக்ராஸ்கோப்பில் அதில் பாதிகூடத் தெரியாது. ஆனால் தெரிகிற கொஞ்சத்தை ஒழுங்காகப் பார்க்கப் பழகிவிட்டால், தெரியாத ஒன்றைக்கூட உப்புத் தண்ணீரை வைத்துக் கண்ணில் காட்டிவிடலாம். இந்தப் பதிவில் இரண்டையும் செய்வோம்.

வேண்டியவை: ஒரு வெங்காயம் (கடைசிப் படிக்குச் சிவப்பு வெங்காயமாக இருந்தால் நல்லது), பிளேடு, இடுக்கி, ஊசி, டிராப்பர், ஸ்லைடு, கவர் ஸ்லிப், வடிதாள், அயோடின் கரைசல், கொஞ்சம் உப்பு. மைக்ராஸ்கோப்பில் 4, 10, 40 மடங்கு லென்ஸ்கள் இருந்தால் போதும்.

படி 1: தோலை உரிப்பது

வெங்காயத்தை நான்காக நறுக்கி, உள்ளே இருக்கும் சதைப்பற்றான ஓர் இதழை எடுங்கள். வெளியே காய்ந்து சருகாக இருப்பது வேண்டாம். இதழுக்கு இரண்டு பக்கம்: வெளிப்பக்கம் புடைத்திருக்கும், உள்பக்கம் குழிந்திருக்கும். குழிந்த பக்கத்தில்தான் நமக்கு வேலை. இதழை அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக் கீழ்நோக்கி மடக்கி ஒடித்தால், ஒடிந்த ஓரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக ஒரு சவ்வு துருத்திக்கொண்டு நிற்கும். இடுக்கியால் அதைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சுலபமாக வந்துவிடும்.

அந்தச் சவ்வு ஒரே ஒரு செல் அடுக்கால் ஆனது. ஆரம்பப் பாடத்துக்கு வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே இதுதான். பல அடுக்குகள் இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாது. உரித்த தோலில் வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு உரியுங்கள். சதையோடு வைத்துப் பார்ப்பது நேர விரயம்.

உரித்ததும் உடனே தண்ணீரில் போடுங்கள். காற்றில் விட்டால் காய்ந்து சுருண்டுகொள்ளும்.

படி 2: ஸ்லைடு தயாரிப்பது

ஸ்லைடின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தோலில் 5 மி.மீ. அளவுக்குச் சதுரமாக வெட்டி, அந்தச் சொட்டின் மேல் மடிப்பு விழாமல் ஊசியால் நீவிப் பரப்புங்கள். பெரிய துண்டு வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய துண்டு கட்டாயம் மடங்கும்.

அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். ஒரு நிமிடம் விட்டுவிட்டு, அதிகப்படியானதை வடிதாளால் ஒற்றி எடுத்துவிட்டு, இன்னொரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கலாம். அயோடின் கையிலும் துணியிலும் கறையாகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கவர் ஸ்லிப். இதைத் தட்டையாக மேலே போட்டால் காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொள்ளும். ஒரு விளிம்பை முதலில் தண்ணீரில் தொடவிட்டு, மறு விளிம்பை ஊசியில் தாங்கிக்கொண்டு, சாய்வாக மெல்ல இறக்குங்கள். தண்ணீர் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போய்விடும். அப்படியும் ஒன்றிரண்டு குமிழ்கள் தங்கலாம். நல்ல வட்டமாக, கறுப்பாகத் தடித்த விளிம்போடு ஏதாவது தெரிந்தால் அது செல் இல்லை, காற்றுக் குமிழ். "செல்லைப் பார்த்துவிட்டேன்!" என்று முதலில் குதிப்பவர்களில் பலர் பார்ப்பது இதைத்தான்.

படி 3: ஃபோகஸ் செய்வது

எப்போதும் மிகக் குறைந்த லென்ஸில், அதாவது 4 மடங்கில் தொடங்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டே லென்ஸையும் ஸ்லைடையும் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பிறகு கண்ணை வைத்து, இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கும் திசையில் மட்டும் பெரிய திருகைத் திருப்புங்கள். நெருக்கும் திசையில் கண்ணை வைத்துக்கொண்டு திருப்பினால் லென்ஸ் ஸ்லைடில் போய் முட்டும். கவர் ஸ்லிப்பின் தடிமன் ஏறத்தாழ 0.17 மி.மீ.தான், உடைய அதிக நேரம் ஆகாது.

படம் கிடைத்ததும் நடுவுக்குக் கொண்டுவந்து 10 மடங்குக்கும், பிறகு 40 மடங்குக்கும் மாறுங்கள். 40-க்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, சிறிய திருகு மட்டும்தான். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு என்றால் மொத்த உருப்பெருக்கம் முறையே 40, 100, 400.

ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடும். மைக்ராஸ்கோப் படத்தைத் தலைகீழாகக் காட்டுவதுதான் காரணம், கை தானாகப் பழகிவிடும். எல்லாம் வெளிறித் தெரிந்தால் வெளிச்சம் கூடுதல் என்று அர்த்தம். மேடைக்குக் கீழே உள்ள டயாஃப்ரத்தைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள், கோடுகள் பளிச்சென்று வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் ஃபோகஸைவிட இதுதான் முக்கியம்.

படி 4: என்ன தெரிகிறது?

நீளவாக்கில் அடுக்கிய செங்கல் சுவர் போலக் கட்டம் கட்டமாகத் தெரிவது செல்கள். கட்டங்களின் கோடுகள் செல் சுவர். ஒவ்வொன்றிலும் பழுப்பு மஞ்சளாக ஓர் உருண்டைப் புள்ளி தெரியும், அதுதான் உட்கரு. 400 மடங்கில் பொறுமையாகப் பார்த்தால் அதற்குள்ளேயே இன்னும் அடர்த்தியாக ஒன்றிரண்டு புள்ளிகள், அதாவது உட்கருமணிகள், தெரியக்கூடும். உட்கருவுக்குப் பெயர் வைத்த ராபர்ட் பிரவுன் 1831-இல் ஆர்க்கிட் செடியின் மேல்தோல் செல்களில்தான் அதை விவரித்தார். உங்கள் கையில் இருப்பதும் மேல்தோல்தான்.

இப்போது ஒரு சந்தேகம் வரும். "வாக்குவோல் (செல்லுக்குள் சாறு நிரம்பிய பை) நடுவில் பெரிதாக இருப்பதால் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும்" என்று படித்திருப்பீர்கள். ஆனால் சில செல்களில் உட்கரு நட்டநடுவில் இருப்பது போலத் தெரிகிறதே? சிறிய திருகை முன்னும் பின்னும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். உட்கரு தெளிவாகும்போது பக்கச் சுவர்களின் கூர்மை மாறும், திருகைத் திருப்பினால் உட்கரு மங்கும். செல் என்பது தாளில் வரைந்த செவ்வகம் இல்லை, ஆழம் உள்ள ஒரு பெட்டி. அந்த உட்கரு பெட்டியின் மேல் மூடியிலோ அடித்தட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாம் மேலிருந்து பார்ப்பதால் நடுவில் இருப்பது போலத் தோன்றுகிறது. ஓரத்தில்தான் இருக்கிறது, எந்த ஓரம் என்பதுதான் வேறுபடுகிறது.

தெரியாதவற்றுக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. பசுங்கணிகம் தெரியாததற்குக் காரணம், அது அங்கே இல்லவே இல்லை. மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் வளரும் பகுதிக்கு அது தேவையில்லை. ரைபோசோம் இருக்கிறது, ஆனால் 20 முதல் 30 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. மைட்டோகாண்ட்ரியா இந்த எல்லையைவிடப் பெரியது, ஆனால் நிறமில்லாதது. அயோடின் அதைத் தனியாகக் காட்டாது, அதற்கென்று வேறு சாயம் வேண்டும்.

அயோடின் பட்டால் மாவுப்பொருள் கருநீலமாக மாறும் என்பது தெரிந்ததுதான். இங்கே அந்த நிறம் வரவில்லை என்று பயப்பட வேண்டாம். வெங்காயம் உணவை மாவுப்பொருளாக இல்லாமல் சர்க்கரை வகைகளாகச் சேமிக்கிறது. உருளைக்கிழங்கைச் சுரண்டி அதே அயோடினில் வைத்தால் கருநீல மணிகள் கண்ணைப் பறிக்கும்.

வரையும்போது இரண்டு மூன்று செல்களை மட்டும் பென்சிலில் வரைந்து, உருப்பெருக்கத்தை எழுதுங்கள். நிழல் தீட்ட வேண்டாம். பார்க்காத மைட்டோகாண்ட்ரியாவை அங்கே வரைய வேண்டவே வேண்டாம்.

படி 5: அளந்து பார்ப்பது

4 மடங்கு லென்ஸின் கீழே ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து, வட்டத்துக்குள் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று பாருங்கள். 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மடங்கில் அது 4.5 × 4 ÷ 10, அதாவது 1.8 மி.மீ. ஆகிவிடும். அந்த வட்டத்தின் விட்டத்தில் நீளவாக்கில் ஆறு செல்கள் அடங்கினால் ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ., அதாவது 300 மைக்ரோமீட்டர்.

படி 6: உப்புத் தண்ணீரில் செல் சவ்வைப் பிடிப்பது

செல் சவ்வின் தடிமன் 10 நானோமீட்டருக்குள்தான். அது செல் சுவரை ஒட்டியே கிடப்பதால் தனியாகத் தெரியாது. அதைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் இந்தப் படி.

இதற்குப் புதிய தோல் வேண்டும், அயோடின் வேண்டாம். அயோடின் செல்லைக் கொன்றுவிடும், நமக்கு உயிருள்ள செல் தேவை. சிவப்பு வெங்காய இதழின் புடைத்த பக்கத்தில் நிறமுள்ள தோல் இருக்கும், அதை உரியுங்கள். உள்தோல் போல சுலபமாக வராது, சின்னத் துண்டு கிடைத்தாலும் போதும். அந்த இளஞ்சிவப்பு நிறம் வாக்குவோலுக்குள் கரைந்திருப்பதால் தனிச் சாயம் தேவைப்படாது.

தண்ணீரில் ஸ்லைடு தயாரித்து 100 மடங்கில் பாருங்கள். செல் முழுக்க நிறம் நிரம்பியிருக்கும். இப்போது 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, அதில் ஒரு சொட்டை கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் விடுங்கள். எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்தால் அது உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சும், உப்புக் கரைசல் தானாக உள்ளே நகரும். கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

சில நிமிடங்களில் செல்லின் மூலைகளில் நிறம் விலகத் தொடங்கும். அப்புறம் மெல்ல மெல்லச் சுருங்கி, நிறமற்ற பெட்டிக்குள் ஓர் இளஞ்சிவப்புப் பொட்டலமாக நிற்கும். வெளியே உப்பு அதிகம் இருப்பதால் சவ்வூடு பரவல் மூலம் தண்ணீர் செல்லைவிட்டு வெளியேறிவிட்டது. இதைப் பிளாஸ்மோலிசிஸ் என்பார்கள். அந்தப் பொட்டலத்தின் வெளி விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கேதான் செல் சவ்வு இருக்கிறது.

பொட்டலத்துக்கும் சுவருக்கும் நடுவில் உண்டான இடைவெளியில் என்ன இருக்கிறது? காற்று என்று பலர் சொல்வார்கள். உப்புக் கரைசல்தான் இருக்கிறது. செல் சுவர் உப்பையும் தண்ணீரையும் தாராளமாக உள்ளே விடும், தடுத்துப் பொறுக்குவது சவ்வுதான். சுவருக்கும் சவ்வுக்கும் என்ன வித்தியாசம் என்று தேர்வில் கேட்டால், இந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இப்போது அதே முறையில் ஓர் ஓரத்தில் நல்ல தண்ணீர் விட்டு மறு ஓரத்தில் உறிஞ்சினால், பொட்டலம் மீண்டும் உப்பிச் சுவரைத் தொடும். ஒருமுறை போதவில்லை என்றால் இன்னும் ஓரிரு சொட்டுகள் விட்டுப் பாருங்கள். சில செல்கள் மட்டும் திரும்பவில்லை என்றால் உரிக்கும்போதோ உப்பாலோ அவை அடிபட்டிருக்கும், பக்கத்துச் செல்லைப் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் ரொம்ப நேரம் உப்பில் விட்டிருப்பீர்கள், அல்லது கரைசல் அதிகக் கெட்டியாக இருந்திருக்கும். 3 கிராம் உப்போடு, புதிய தோலில் மறுபடி செய்யுங்கள். மேடையில் உப்புத் தண்ணீர் சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள், உலோகம் துருப்பிடிக்கும்.