நோவாவின் எக்ஸ் கதிர் நிறமாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் திருவொற்றியூர்ப் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று அங்கிருந்து போனதுதான் அஸ்ட்ரோசாட் என்ற விண்வெளித் தொலைநோக்கி. 2019இல் வெடித்த வி3890 சாஜிட்டாரி நோவாவை எக்ஸ் கதிரில் பார்த்தது அது. இப்படிப்பட்ட தரவை இறக்கி வைத்துக்கொண்டு, நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வந்தது என்ற வரைபடம்) எடுக்க உட்காரும் மாணவர்களிடம் சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, அவசரம். நோவா வெடிப்பில் வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) சிதறுவதில்லை. துணை விண்மீனிடமிருந்து சேர்ந்த ஹைட்ரஜன் அதன் மேற்பரப்பில் அணுக்கரு இணைவால் பற்றி, மேல் படலம் மட்டும் பறக்கிறது. அந்தப் படலம் மெலிந்த பிறகுதான் உள்ளே எரியும் வெண்குள்ளன் தெரியும். ஆர்எஸ் ஒபியுச்சி என்ற நோவா 2006இல் வெடித்தபோது அதற்குச் சுமார் ஒரு மாதம் ஆனது. அதுவரை வந்த கதிர்கள், வீசியடித்த வாயு, துணையான செம்பெருவிண்மீனின் காற்றில் மோதிய அதிர்ச்சியில் பிறந்தவை. அவற்றை வைத்து வெண்குள்ளனின் வெப்பநிலையைக் கணக்கிடக் கூடாது.

பெரிய தவறு அடுத்தது. எண்ணூரில் புகைமூட்டமான காலையில் சூரியன் சிவந்து தெரிந்தால், சூரியன் ஆறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் இருக்கும் புகை நீலத்தைத் தடுத்துவிட்டது, அவ்வளவுதான். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவும் இப்படித்தான், ஆனால் அது வெட்டுவது குறைந்த ஆற்றலுள்ள மென் கதிர்களை. வெண்குள்ளன் அதிகம் உமிழ்வதும் அவற்றைத்தான். கரும்பொருள் வளைகோட்டை (வெப்பநிலையை மட்டும் வைத்து ஒரு பொருளின் ஒளியைச் சொல்லும் எளிய மாதிரி) தரவோடு பொருத்தும்போது வாயுவைக் கொஞ்சம் கூட்டி, வெப்பநிலையைக் கொஞ்சம் குறைத்தாலும் பொருத்தம் அழகாகவே இருக்கும். ஒளிர்வு மட்டும் பல மடங்கு எகிறிவிடும். சூரிய நிறையுள்ள வெண்குள்ளனுக்கு எடிங்டன் வரம்பு (ஒளியின் அழுத்தம் ஈர்ப்பை வெல்லத் தொடங்கும் ஒளிர்வு) சூரியனைப் போல் சுமார் 33,000 மடங்கு. விடை அதை வெகுவாகத் தாண்டினால் கண்டுபிடிப்பு என்று துள்ளாதீர்கள், மாதிரியைச் சந்தேகியுங்கள். வாயுவின் அளவை ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ வரைபடம் போன்ற வேறு வழியில் எடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம் கரும்பொருளை விட்டு, விண்மீன் வளிமண்டல மாதிரிக்குப் போங்கள்.

சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிகளின் கீற்றணி (கதிர்களை அலைநீள வாரியாக நுட்பமாகப் பிரிக்கும் கருவி) நிறமாலையில் தனிமங்களின் கோடுகளே தனித்தனியாகத் தெரியும். 23.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இடத்தில் உள்ள ஆக்சிஜன் கோட்டைப் பார்த்ததும் நோவாவுடையது என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வழியிலுள்ள வாயுவின் கோடு, இடம் மாறாமல் நிற்கும். நோவாவின் கோடு நகர்ந்திருக்கும். வி4743 சாஜிட்டாரி நோவாவில் வாயு நொடிக்குச் சுமார் 2,400 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்தது. அந்த வேகத்தில் 24.78இல் இருக்க வேண்டிய நைட்ரஜன் கோடு 24.58க்கு வந்துவிடும்.

கடைசியாக, ஃபோட்டான் (ஒளித்துகள்) குவிதல். காசிமேட்டில் இரண்டு சின்ன மீன்களைச் சேர்த்துத் தராசில் போட்டுவிட்டு, எடையை மட்டும் பார்த்து ஒரு பெரிய மீன் என்று எழுதுவது போன்றது இது. ஒரே நேரத்தில் விழும் இரண்டு மென் ஃபோட்டான்களைக் கருவி ஒரே வன் ஃபோட்டானாக எண்ணிவிடும். பிரகாசமான நோவாவில் படத்தின் நடுவை விட்டு, சுற்று வளையத்தில் மட்டும் நிறமாலை எடுத்துப் பாருங்கள். முழுப் படத்தின் நிறமாலையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், வளையத்தில் கிடைத்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.