ஒளிந்திருந்த 'சமர்ப்பி' பொத்தான்

வெள்ளவத்தையில் தங்கச்சியின் 11.6 அங்குல லாப்டொப்பில், பிரவுசரில் திறந்த விண்ணப்பப் படிவப் பெட்டியின் 'சமர்ப்பி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. உருட்டவும் முடியவில்லை. மூன்று நாள் வீண். புக்மார்க் பட்டையை மறைத்தேன், பிரவுசரை மாற்றினேன், சரிவரவில்லை. முழுத்திரையாக்கும் எஃப்11 அழுத்தினால் பாதிப் பொத்தான்தான் தெரிந்தது. பக்கத்தை 80 சதவீதமாகச் சுருக்கினால் எழுத்தை வாசிக்க முடியவில்லை.

அப்புறம்தான் டிஸ்பிளே அமைப்பில், திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் 125% என்றிருந்ததைக் கண்டேன். திரை 1366×768 பிக்சல்தான். ஆனால் 125 சதவீதத்தில் அது ஏறக்குறைய 1093×614 அளவுக்கான இடமாகிவிடுகிறது. தாவல், முகவரிப் பட்டை, டாஸ்க்பார் எல்லாம் அந்த 614 உயரத்தில்தான் கை வைக்கின்றன. அகலத்தை அவை தொடுவதில்லை.

ஸ்கேலை 100% ஆக்கி எஃப்11 அழுத்தினேன். முழுப் பொத்தானும் வந்தது! எழுத்துச் சிறுத்ததற்கு, ஃபயர்பாக்ஸில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் தெரிவைப் போட்டேன். பெட்டி வளரவில்லை. படிவம் அன்றிரவே போய்ச் சேர்ந்தது, பெரிய நிம்மதி.