குழந்தைகளுக்கு நன்கொடை: பணம் அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் முதலில் கேட்க வேண்டியது, 2015 சிறார் நீதிச் சட்டம் 41-ஆவது பிரிவின் கீழான பதிவுச் சான்று. டிரஸ்ட் பதிவைக் காட்டி "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். அது வேறு, இது வேறு. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். இல்லக் குழந்தைகளின் முகமும் பெயரும் விளம்பரத்தில் வந்தால் விலகிவிடுங்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிட அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

அடுத்து, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, குறைந்தது 3 ஆண்டுகளுக்கு. "நிர்வாகச் செலவு குறைவு" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மாலை நேரப் படிப்பு மையத்தில் பெரிய செலவே ஆசிரியர் சம்பளம்தான். அதைக் குறைத்தால் ஆசிரியர் நிலைக்கமாட்டார், பிள்ளைகளும் வரமாட்டார்கள். நோட்டுப் புத்தகம், பை கொடுக்கும் விழாக்களுக்கு ஜூன் மாதத்தில் பஞ்சமே இல்லை. பிப்ரவரியில் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டும் இடம் நல்ல இடம்.

கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் தனிநபர் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். அறக்கட்டளை பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி) வேண்டுமானால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. முதல் தடவை சிறு தொகை போதும். ரசீது கேட்காமலே வருகிறதா என்று பார்த்துவிட்டு மாதத் தவணைக்குப் போகலாம்.