அன்னபூர்ணா நடைக்குக் காப்பீடு: எங்கே மாட்டியது, எப்படி எடுத்தேன்

ஒருவழியாகப் பாலிசி மெயிலில் வந்துவிட்டது, அப்பாடா. நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப் பாதையை நடக்கத் திட்டம். விமானம், கைடு எல்லாம் சரி, பயணக் காப்பீடுதான் நகரவே இல்லை.

காரைக்குடி ஏஜென்ட் காட்டிய பாலிசியில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டு, ஆனால் 4500 மீட்டருக்கு மேல் செல்லாது. இந்தப் பாதையில் தோரோங் லா கணவாயே 5416 மீட்டர். குன்றக்குடி மலைப்படி ஏறிப் பழகுகிற எனக்கு இந்த எண்களெல்லாம் ஒன்றுதான், காப்பீட்டுக்காரருக்கு அப்படியில்லை.

அடுத்தது ஆன்லைனில், 6000 மீட்டர் வரை. பொடி எழுத்தில் ஒரு வரி: கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்துக்குப் பொருந்தாது. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுவார்கள். நமக்குக் கயிறு வேண்டாம், வெறும் நடைதான். ஆனால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலைநடைக்காரர்கள் கைடு வைத்தே ஆகவேண்டும் என்பது நேபாளத்து விதி. அந்த விதியை மதித்தால் இந்த வரியில் மாட்டுவோம்! கால் சென்டரில் ஒருவர் "கவர் ஆகும் சார்" என்றார், இன்னொருவர் ஆகாது என்றார்.

அப்புறம் போனை விட்டுவிட்டு மெயில் அனுப்பினேன். எந்த நாள் எந்த ஊரில் தங்கல், அதன் உயரம் எவ்வளவு, கயிறு கிடையாது, கைடு விதிக்காக மட்டுமே என்று எழுதி, எழுத்திலேயே பதில் கேட்டேன். சாகசப் பயணத்துக்கான கூடுதல் கவர் சேர்த்தால் அந்த வரி தடையில்லை என்று பதில் வந்தது, உடனே சேர்த்துவிட்டேன். ஹெலிகாப்டர் கூப்பிடும் முன் அவர்களுடைய 24 மணிநேர எண்ணில் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமாம், அந்த எண்ணைக் கைடுக்கும் அனுப்பியாயிற்று.