கத்திரி வெயிலிலும் கேரவன் ஃப்ரிட்ஜ் குளிர: காற்றுப்பாதை அமைக்கும் முறை

வேலூரில் கத்திரி தொடங்கி வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும், "ஃப்ரிட்ஜில் கூலிங்கே இல்லை, கேஸ் இறங்கிவிட்டது" என்று கேரவன் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கைத் தேடுவது வழக்கம். கேஸ் நிரப்பக் காசு கொடுப்பதற்கு முன், ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் செய்கிற வேலை, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துப் பின்னால் உள்ள கன்டென்சர் வழியாகத் தள்ளுவதுதான். தள்ளிய சூடு வெளியேற வழியில்லாமல் மரப்பெட்டிக்குள்ளேயே சுற்றினால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், பேட்டரி இறங்கும், பால் திரியும்.

இங்கே சொல்வது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு மட்டும். எல்பிஜி சுடரில் ஓடும் ஃப்ரிட்ஜ் என்றால் இதைச் செய்யாதீர்கள். அதில் சுடருக்குக் காற்றும் புகைக்குத் தனி வழியும் வேண்டும். தவறினால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும், உயிருக்கே ஆபத்து.

படி 1: அளந்து பாருங்கள்

ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் நுனியை நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விடுங்கள். இன்னொன்றை கன்டென்சருக்குள் காற்று நுழையும் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை ஃப்ரிட்ஜ் ஓடட்டும். கன்டென்சர் முன்னால் உள்ள சூடு, வண்டிக்குள் இருக்கும் சூட்டைவிட 5 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், வெளியேற வேண்டிய சூடான காற்று திரும்பவும் உள்ளே வருகிறது என்று அர்த்தம். டம்ளர் தண்ணீர் மறுநாள் காலையில் 2 முதல் 5 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

இந்தச் சோதனையை ஏலகிரியில் செய்து பயனில்லை. மலைமேல் ஒழுங்காகக் குளிரும் ஃப்ரிட்ஜ், கீழே திருப்பத்தூருக்கு இறங்கியதும் திணறும்.

படி 2: சூடான காற்றைப் பிரித்துவிடுங்கள்

பெரும்பாலான கோளாறு இங்கேதான். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு ஃப்ரிட்ஜை வெளியே இழுங்கள். கம்ப்ரசர் அருகில் சிறு ஃபேனோடு தகடு தகடாக ஒரு பெட்டி தெரிந்தால், அதுதான் கன்டென்சர். ஃபேன் ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் விடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே தடுப்பு இல்லையென்றால், விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். அலுமினியத் தகடோ 6 மி.மீ. பிளைவுட்டோ வெட்டி நடுவில் நிறுத்துங்கள். விளிம்புகளில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது.

பின்பக்கம் முழுக்கக் கறுப்புக் கம்பிவலை இருந்தால் ஃபேன் இருக்காது. அதற்கும் சுவருக்கும் 5 செ.மீ. இடைவெளி போதும். அதிகம் விட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காற்று கம்பியைத் தொடாமல் சுவரோரமாகவே ஏறிப் போய்விடும். கூடுதல் இடத்தைத் தகடு வைத்து அடையுங்கள்.

படி 3: கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு

காற்று தடையில்லாமல் போகும் பரப்பு ஒவ்வொன்றிலும் குறைந்தது 250 சதுர செ.மீ. இருக்கட்டும். கொசுவலையும் லூவரும் (சாய்ந்த பட்டைகள் உள்ள காற்று மூடி) அதில் பெரும்பங்கை மறைத்துவிடும் என்பதால், 25க்கு 10 என்று வெட்டாமல் 40க்கு 12 என்றே வெட்டுங்கள். கீழ்த் திறப்பை வண்டித் தரையில் வைத்தால் நிழல் காற்று கிடைக்கும். சைலன்சர் குழாய்ப் பக்கமும் டயருக்கு நேர் பின்னாலும் வேண்டாம். மேல் திறப்பு பக்கச்சுவரில், ஃப்ரிட்ஜின் தலைக்கு மேலே. லூவரின் பட்டைகள் வெளிப்புறம் கீழ்நோக்கிச் சாய வேண்டும், இல்லையென்றால் மழை உள்ளே இறங்கும். வெட்டுவதற்கு முன் சுவருக்குள் இரும்புச் சட்டமும் ஒயரும் எங்கே போகின்றன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் ரெட் ஆக்சைடு அடித்து, சிலிகான் வைத்து மூடுங்கள்.

படி 4: ஃபேன்

கம்ப்யூட்டரில் வரும் 120 மி.மீ., 12 வோல்ட், பால் பேரிங் ஃபேன் ஒன்று போதும். மேல் திறப்பின் உள்பக்கம், காற்று வெளியே போகும் திசையில் பொருத்துங்கள். ஃபேன் சட்டத்தில் உள்ள அம்புக்குறி திசையைக் காட்டும். வழியில் 1 ஆம்பியர் ஃப்யூஸ். தானாக ஓட, சூடு ஏறினால் இணைகிற தெர்மல் சுவிட்ச் ஒன்றை வைக்கலாம். எல்லோரும் 40 டிகிரி சுவிட்ச் வாங்கச் சொல்வார்கள். நம் ஊர் மே மாதத்தில் கம்ப்ரசர் நின்றிருந்தாலும் அது ஃபேனைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 45 டிகிரி வாங்குங்கள். ஃபேன் இழுப்பது சுமார் 0.25 ஆம்பியர், நாள் முழுக்க ஓடினாலும் 6 ஆம்பியர்-மணிதான். கம்ப்ரசர் ஒன்றரை மணி நேரம் குறைவாக ஓடினால் அது ஈடாகிவிடும்.

எல்லாம் பொருத்தியதும் ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். கீழ்த் திறப்பருகே பிடித்தால் புகை வளைந்து உள்ளே போய், மேலே வெளிவர வேண்டும். புகை கேபினுக்குள் எட்டிப் பார்த்தால் படி 2இல் எங்கோ சந்து விட்டிருக்கிறீர்கள்.

படி 5: ஒயர்

காற்றுப்பாதை சரியாக இருந்தும் கம்ப்ரசர் கிளம்பிக் கிளம்பி நின்றால், மல்டிமீட்டரை ஃப்ரிட்ஜ் முனையில் வைத்து, கம்ப்ரசர் ஓடும்போது வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரி 5 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 10 மீட்டர் ஒயர். 5 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சுமார் 0.6 வோல்ட் வீணாகும். 6 சதுர மி.மீ. என்றால் 0.15 வோல்ட்தான். செகாப் (Secop) கம்பெனியின் BD35 வகை கம்ப்ரசரில் சிறு எல்இடி இணைத்தால் அதுவே காரணம் சொல்லும்: ஒரு முறை மினுக்கினால் வோல்ட்டேஜ் குறைவு, இரண்டு என்றால் ஃபேன் அதிக ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து என்றால் எலக்ட்ரானிக் யூனிட் சூடேறிவிட்டது. ஐந்து வந்தால் ஒயரை விட்டுவிட்டுத் திரும்பப் படி 2க்கே போங்கள்.

வண்டியை நிறுத்தும் திசை

ஃப்ரிட்ஜ் பக்கத்தை வடக்கே திருப்பி நிறுத்துங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கத்திரியில் அது நமக்கு ஒத்துவராது. ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூருக்கு நேர் உச்சிக்கு வரும் சூரியன், அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரை நண்பகலில் வடக்கே சாய்ந்தே போகும். அதனால் மே மாதப் பிற்பகலில் ஃப்ரிட்ஜ் பக்கம் கிழக்கையோ தெற்கையோ பார்க்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு கரண்டில் சார்ஜர் போட்டு ஃப்ரிட்ஜைக் குளிர வைத்துவிடுங்கள். சாம்பாரை ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். கதவு கேஸ்கெட்டில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். நெடுஞ்சாலைத் தூசி கன்டென்சரில் படியும், மாதம் ஒருமுறை பழைய பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள்.