வீட்லயே சின்ன போட் செய்ய எந்த முறை, எந்த மெட்டீரியல் நல்லது?

ரெண்டு பேர் போற மாதிரி சின்ன போட் செய்யணும்னு இறங்குறவங்க முதல்ல ஃபைபரா மரமான்னு தான் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி போட் வருஷம் முழுக்க தண்ணிலயே கிடக்குமா, இல்ல ஷெட்ல இருந்துட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் இறங்குமான்னு முடிவு பண்ணுங்க. பலகைய பக்கத்துல பக்கத்துல வச்சு இடுக்குல பஞ்சு அடைக்கிற பழைய முறைல மரம் தண்ணி குடிச்சு உப்பினாத்தான் இடுக்கு இறுகும், ஷெட்ல காஞ்சு கிடந்தா சுருங்கி இறக்கின உடனே ஒழுகும். அழகுன்னா அதான் அழகு, ஆனா தேர்ந்த ஆசாரி கை வேணும்.

முழு ஃபைபர்னா முதல்ல மோல்டு செய்யணும், ஒரே ஒரு போட்டுக்காக மோல்டு செய்றது ரெண்டு போட் செய்ற வேலை. பத்து போட் இறக்கப்போறீங்கன்னா அது தான் சரி. அலுமினியம் வெல்டிங் நல்லா தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.

வீட்ல செய்றவங்களுக்கு நான் சொல்றது ப்ளைவுட்ட தச்சு ஒட்டுற முறை தான். இங்கிலாந்துல 1960கள்ல மிரர்ங்கிற சின்ன பாய்மரப் படகு இப்படித்தான் வீடு வீடா உருவாச்சு, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துலயும் 1980கள்ல மீனவர்களுக்கு ப்ளைவுட் படகு இதே முறைல செஞ்சாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே சோழமண்டலக் கரைல மசூலா படக ஆணியே இல்லாம கயித்தால தச்சு அலைல இறக்கினவங்க நம்ம ஆளுங்க.

ப்ளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710ங்கிற இந்தியத் தர முத்திரை பாருங்க, அது 72 மணி நேரம் தண்ணில கொதிக்கவச்சும் ஒட்டு விடக்கூடாதுங்கிற தரம். வீட்டு மர வேலைக்கு வர்ற சாதா ப்ளைவுட்டோட தரமான ஐஎஸ் 303 போதும்னு கடைல சொன்னா ஒத்துக்காதீங்க. 6 மி.மீ. தடிமன் போதும். ஷீட் 8 அடி தான், 12 அடி போட்டுக்கு ரெண்டு ஷீட் முனையையும் தடிமனப் போல 8 மடங்கு நீளத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 5 செ.மீ. சரிவா சீவி ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டணும்.

வெட்டின துண்டுங்க ஓரத்துலேர்ந்து 1 செ.மீ. உள்ள தள்ளி 15 செ.மீ.க்கு ஒரு ஓட்டை போட்டு காப்பர் வயரால லூசா முறுக்குங்க, எல்லாம் சேந்தப்புறம் முன்னாடி நின்னு பாத்து கோணல் இல்லன்னா தான் இறுக்கணும், ஒட்டு காஞ்சபிறகு கோணல நிமித்தவே முடியாது. வயருக்கு நடுவுல மரத்தூள் கலந்த எபாக்ஸிய (ரெசினும் அத இறுக வைக்கிற ஹார்டனரும் கலந்து செய்ற ஒட்டு) வச்சு காஞ்சதும் வயர உருவிட்டு, மூலைய வளைவா நிரப்பி அதுமேல கிளாஸ் டேப்ப (கண்ணாடி இழைல நெஞ்ச பட்டை) எபாக்ஸியால ஒட்டணும். வெளிய ஓரத்த உருட்டி தேச்சு அங்கயும் டேப்.

ரெசின்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. என் முதல் போட்டுக்கு எபாக்ஸிக்கு பதிலா விலை கம்மியான பாலியஸ்டர் ரெசின் தான் போட்டேன், ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சு பாத்தா ஃபைபர் மரத்த விட்டு தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, உள்ள ப்ளை கறுத்து போச்சு. பாலியஸ்டர் ஃபைபரோட ஃபைபர பிடிக்கும், மரத்த எபாக்ஸி அளவுக்கு பிடிக்காது. எபாக்ஸிக்கு கண்ணாடி இழைல நெஞ்ச துணி தான் வாங்கணும், துண்டு இழைய பசையால ஒட்டின சாதா மேட்ல இருக்கற பசை பாலியஸ்டர்ல இருக்கற ஸ்டைரீன்ங்கிற கரைப்பான்ல தான் கரையும். ஹார்டனர் கூட ஊத்தினா சீக்கிரம் காயும்னு நினைக்காதீங்க, டப்பால போட்ட அளவு மாறினா பிசுபிசுன்னே நிக்கும், தராசுல நிறுத்து கலக்குங்க. கிளவுஸ் கட்டாயம், ஒரு தடவ தோல் அலர்ஜி வந்தா அப்புறம் விடாது. வெயில் எபாக்ஸிய தின்னுரும், அதனால மேல பெயிண்ட் அடிக்காம வெளிய நிறுத்தாதீங்க.

முன்னாடி பின்னாடி மூடின அறை வச்சு தெர்மாகோல் அடைங்க, பாலியஸ்டர் ரெசின் பட்டா தெர்மாகோல் கரைஞ்சிரும், எபாக்ஸி ஒண்ணும் செய்யாது. முதல் நாள் இடுப்பளவு தண்ணில, லைஃப் ஜாக்கெட் போட்டுகிட்டு, வேணும்னே போட்ட தண்ணியால நிரப்பி மிதக்குதான்னு பாத்துட்டு தான் ஆழத்துக்கு போகணும்.